எதிர்த்தரப்பு இல்லாத வழக்கு

1

குடிவரவு ஆலோசகர்களின் அலுவலகத்தில் அதிகம் கேட்கும் வாக்கியம் ‘எனக்கு விசா கிடைக்குமா?’ என்பதாகத்தான் இருக்கும் என்று நினைத்திருந்தேன். இல்லையாம். ‘எல்லாரும் பண்றாங்களே மேடம், எனக்கு மட்டும் ஏன் மாட்டேங்கறீங்க?’ என்பதுதானாம். டொரொன்டோவில் உரிமம் பெற்ற ஆலோசகராக இருக்கும் தோழி ஒருவர் சொன்னார். கத்துகிறவர்கள், நள்ளிரவில் வாட்ஸாப்பில் அழைக்கிறவர்கள், கட்டணத்தில் பேரம் பேசுகிறவர்கள் எல்லாம் அவர் கணக்கில் கஷ்டமான ஆட்களே கிடையாது. அவர்களைப் பொறுமையால் சமாளித்துவிடலாம். அமைதியாக, மரியாதையாக, கண்ணில் லேசாக நீர் கோர்த்தபடி, ஒரு சின்னப் பொய்க்கு உதவி கேட்கிறவர்தான் கஷ்டமான ஆள்.

நான் அந்தத் தொழிலில் இல்லை. மென்பொருள் எழுதுகிறவன். என் தலைமுறையில் பொறியியல் படித்த பலரையும்போல நானும் இந்தப் படிவங்களை ஒருமுறை நிரப்பியிருக்கிறேன், பிறகு உறவினர்களுக்காகப் பலமுறை. தோழி தன்னிடம் வருகிறவர்களைப் பற்றி எதுவும் சொல்வதில்லை, சொல்லவும் கூடாது. அதனால் கீழே வருபவை எந்தத் தனி மனிதரின் கதையும் இல்லை. இந்த உலகத்தில் கொஞ்ச நாள் புழங்கிய எவருக்கும் தெரிந்திருக்கும் வகைமாதிரிகள். என் கேள்வி ஒன்றுதான்: ஒருவருக்கு உதவுவதாகப் பணம் வாங்கிக்கொண்ட மனிதர், அவர் கேட்கும் உதவியை எப்போது மறுக்க வேண்டும், எப்படி மறுக்க வேண்டும்?

2

தமிழ்நாட்டு நீதிமன்றங்களில் வழக்கறிஞரிடம் வருபவரைக் ‘கட்சிக்காரர்’ என்பார்கள். நல்ல சொல். ஒரு கட்சி என்றால் இன்னொரு கட்சியும் உண்டு. எதிரே ஒரு வக்கீல் நிற்பார், நடுவில் நீதிபதி இருப்பார். நம் ஆள் சொல்வதில் ஓட்டை இருந்தால் குறுக்கு விசாரணையில் வெளியே வந்துவிடும். வக்கீல் தன் கட்சிக்காரர் பக்கம் முழுமூச்சாகச் சாய்வதில் ஒரு நியாயம் இருப்பதற்குக் காரணம், மறுபக்கம் சாய இன்னொருவர் இருக்கிறார் என்பதுதான்.

விசா விண்ணப்பத்தில் அது கிடையாது. ஒரு பக்கம் காகிதக்கட்டு, மறுபக்கம் அதைச் சில நிமிடங்களோ சில மணிநேரமோ பார்க்கப்போகும் ஓர் அதிகாரி. பெரும்பாலான விண்ணப்பதாரர்கள் அந்த அதிகாரியின் முகத்தைக்கூடப் பார்ப்பதில்லை. குறுக்கு விசாரணை இல்லை. அந்த மொத்த அமைப்பும் ‘இதில் எழுதியிருப்பது உண்மை’ என்ற கையெழுத்தின்மேல் நிற்கிறது.

அமெரிக்கச் சட்டப் பேராசிரியர் மன்ரோ ஃப்ரீட்மன் 1966இல் குற்றவியல் வழக்கறிஞர்களின் தொழில்தர்மம் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். இன்றுவரை அதைச் சுற்றி விவாதம் நடக்கிறது. அவர் காட்டிய முடிச்சு எளிமையானது. வழக்கறிஞருக்கு மூன்று கடமைகள்: கட்சிக்காரரிடமிருந்து எல்லாவற்றையும் தெரிந்துகொள்ள வேண்டும், தெரிந்ததை ரகசியமாக வைக்க வேண்டும், நீதிமன்றத்திடம் நேர்மையாக இருக்க வேண்டும். கட்சிக்காரர் பொய்ச்சாட்சி சொல்லப்போகிறார் என்று தெரிந்த கணத்தில் மூன்றையும் சேர்த்துக் காப்பாற்ற முடியாது. ஃப்ரீட்மன் மூன்றாவதை விட்டுக்கொடுத்தார். ரகசியம் காக்கப்படாவிட்டால் யாரும் வக்கீலிடம் உண்மை பேச மாட்டார்கள் என்பது அவர் வாதம். எதிர்த்தரப்பு இருக்கும் நீதிமன்றத்தில் அந்த வாதத்துக்கு எடை உண்டு. எதிர்த்தரப்பே இல்லாத இடத்தில் அதே வாதத்தை வைத்தால், பொய்யைத் தடுக்க யாருமே மிஞ்சுவதில்லை. அதனால் ஆலோசகர் தன் ஆளின் பக்கம்தான் நிற்க வேண்டும் என்றாலும், அவரை வக்கீலோடு ஒப்பிடுவது பாதி தூரத்துக்குத்தான் வரும்.

3

சட்டம் என்ன சொல்கிறது என்பதைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். கனடாவின் குடிவரவு, அகதிகள் பாதுகாப்புச் சட்டம் 2002இல் நடைமுறைக்கு வந்தது. அதன் 91ஆம் பிரிவுப்படி, பணம் வாங்கிக்கொண்டு குடிவரவு ஆலோசனை சொல்ல வழக்கறிஞர்களுக்கும் உரிமம் பெற்ற ஆலோசகர்களுக்கும் இன்னும் சிலருக்கும்தான் அனுமதி. ஆலோசகர்களைக் கண்காணிக்க முதலில் ஒரு சங்கம் வந்தது, அது சரிப்படவில்லை. 2011இல் இன்னொரு மன்றம், அதிலும் புகார்கள். 2021 நவம்பரில் இப்போதைய கல்லூரி திறக்கப்பட்டது. கல்லூரி என்றால் பாடம் நடத்துவதில்லை, உரிமம் கொடுப்பதும் ஒழுங்கு நடவடிக்கை எடுப்பதும்தான் வேலை. அதன் நடத்தை விதிகளில், விண்ணப்பம் வெற்றிபெறும் என்று உத்தரவாதம் கொடுக்கவே கூடாது.

அதே சட்டத்தின் 40ஆம் பிரிவுதான் எல்லோரும் பயப்படுவது. முக்கியமான உண்மையைத் திரித்துச் சொன்னாலோ மறைத்தாலோ ஐந்து ஆண்டுகளுக்கு உள்ளே வர முடியாது. சொல்வது மட்டுமில்லை, மறைப்பதும் சேர்த்திதான். ‘இதற்கு முன் எந்த நாட்டிலாவது உங்களுக்கு விசா மறுக்கப்பட்டிருக்கிறதா?’ என்ற கேள்விக்கு ‘இல்லை’ என்று டிக் அடித்துவிடுகிறவர்கள் ஏராளம். எட்டு வருடத்துக்கு முன் சென்னை அமெரிக்கத் தூதரகத்தில் இரண்டு நிமிடத்தில் திருப்பி அனுப்பினார்கள், அது ஒரு விஷயமா என்ற நினைப்பு. அந்த மறுப்பை ஒப்புக்கொண்டிருந்தால் பெரும்பாலும் ஒன்றும் ஆகியிருக்காது. மறைத்ததுதான் ஐந்து வருடம் ஆகிறது.

4

கஷ்டம் எங்கே தொடங்குகிறது என்றால், பச்சைப் பொய்க்கும் முழு உண்மைக்கும் நடுவே இருக்கும் அகலமான நிலத்தில்.

ஓர் உதாரணம். எக்ஸ்பிரஸ் என்ட்ரி வழியாக நிரந்தரக் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கிறவர்களில் பலர், முதல் சில மாதச் செலவுக்கான பணம் கையில் இருப்பதாகக் காட்ட வேண்டும். கடன் வாங்கிய பணம் செல்லாது. நம்மூர்க் குடும்பங்களில் என்ன நடக்கும்? மாமா தன் வீட்டு மனையை விற்ற பணத்தைக் கணக்கில் போடுவார். ‘அன்பளிப்பு’ என்று இருபது ரூபாய் பத்திரத்தில் எழுதிக் கையெழுத்தும் போடுவார். விசா வந்ததும் பணம் மாமாவுக்குத் திரும்பிப் போய்விடும் என்பது குடும்பத்தில் எல்லோருக்கும் தெரியும். யாரும் அதை வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். இது அன்பளிப்பா, கடனா? கொடுக்கல் வாங்கலில் இந்த இரண்டுக்கும் நடுவே ‘கைமாத்து’ என்று ஒரு சொல்லே வைத்திருக்கிறோம். படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.

வந்தவர் வெள்ளந்தியாகச் சொல்லிவிடுகிறார்: ‘மாமாவுக்கு ஆறு மாசத்துல திருப்பிக் குடுத்துடுவேன் மேடம்.’ இப்போது ஃப்ரீட்மனின் முடிச்சு மேஜைமேல் விழுந்துவிட்டது. பழம் தின்று கொட்டை போட்ட சில ஏஜென்ட்கள் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள்: ‘அதை நீங்க என்கிட்ட சொல்லியிருக்கவே கூடாது.’ அதாவது, பொய்யைத் தடுப்பதற்குப் பதிலாகத் தன் காதுக்கு வராமல் பார்த்துக்கொள்வது. தெரியாமல் இருப்பதை ஒரு திறமையாக வளர்த்துக்கொள்வது. எனக்கு இது நேரடிப் பொய்யைவிட மோசமாகப் படுகிறது. பொய் சொல்கிறவர் குறைந்தபட்சம் ஆபத்தில் பங்கெடுக்கிறார். இவரோ ஆபத்து முழுவதையும் எதிரே உட்கார்ந்திருப்பவர் தலையில் இறக்கிவிட்டுக் கட்டணத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறார்.

இன்னோர் உதாரணம், என் தொழில்காரர்களுக்கு நன்றாகத் தெரிந்தது. வேலை அனுபவத்தை நிரூபிக்க, என்னென்ன பணிகள் செய்தீர்கள், வாரத்துக்கு எத்தனை மணிநேரம், சம்பளம் எவ்வளவு என்று நிறுவனத்தின் கடிதம் வேண்டும். நம் மென்பொருள் நிறுவனங்கள் பலவற்றின் மனிதவளத் துறை, சேர்ந்த தேதியும் விலகிய தேதியும் பதவியும் போட்டு இரண்டு வரிக் கடிதம் கொடுக்கும். அதற்குமேல் ‘பாலிசி இல்லை’. ஆள் நிஜமாகவே ஆறு வருடம் வேலை பார்த்தவர். நிறுவனத்தின் லெட்டர்ஹெட்டைக் கணினியில் செய்வது பத்து நிமிட வேலை. ‘நான் செஞ்ச வேலையைத்தானே எழுதுறேன், இதுல என்ன பொய் இருக்கு?’ என்கிறார்.

நல்ல கேள்வி. உள்ளடக்கம் உண்மை, கையெழுத்து பொய். ஆனால் கடிதம் சொல்வது ‘இவர் இந்த வேலை செய்தார்’ என்பதை மட்டுமில்லை. ‘இதை நான் சொல்கிறேன், நான் இன்னார்’ என்பதையும் சேர்த்துத்தான். சாட்சியின் மதிப்பே சாட்சி யார் என்பதில் இருக்கிறது. இங்கேதான் நல்ல ஆலோசகர் தன் கட்டணத்துக்கு நியாயம் செய்கிறார். நிறுவனம் மறுத்த மின்னஞ்சலை வையுங்கள், உடன் வேலை பார்த்த மேலாளரிடம் உறுதிமொழிப் பத்திரம் வாங்குங்கள், சம்பளச் சீட்டுகள், படிவம் 16, நியமனக் கடிதம் எல்லாம் சேருங்கள், ஏன் வழக்கமான கடிதம் இல்லை என்று ஒரு விளக்கக் கடிதம் எழுதலாம் என்பார். அதிகாரி ஏற்பார் என்று சொல்ல முடியாது. அதிக வேலை, அதிக நாள். ஆனால் அது உண்மையை உண்மையாகவே வாதாடுவது. கஷ்டமான ஆட்களில் பாதிப் பேர், யாராவது இந்த நீளமான பாதையைப் பொறுமையாகக் காட்டியிருந்தால் கஷ்டமான ஆட்களாகியிருக்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன்.

5

இதுவரை சொன்னதற்கு ஒரு பலமான எதிர்வாதம் உண்டு. எல்லையே அநியாயம் என்றால், எல்லையிடம் உண்மை பேசுவது எப்படிக் கடமையாகும்?

டொரொன்டோ பல்கலைக்கழகத்தின் அரசியல் சிந்தனையாளர் ஜோசஃப் கேரன்ஸ் 1987இல் எழுதிய கட்டுரையில், பணக்கார நாட்டின் குடியுரிமை என்பது நிலப்பிரபுத்துவ காலத்துப் பிறப்புரிமை போன்றது என்றார். பிறந்த இடம் என்ற தற்செயல், வாழ்நாள் முழுவதற்கும் சலுகையாகிவிடுகிறது. இதை ஒரேயடியாகத் தள்ளிவிட என்னால் முடியவில்லை. ஒரே பாடத்திட்டம், ஒரே வேலை. கடவுச்சீட்டின் நிறம் மட்டும் வேறு. ஒருவர் கோப்பு போட வேண்டும், இன்னொருவர் விமானச்சீட்டு எடுத்தால் போதும்.

தமிழர்களுக்கு இது ஏட்டுச் சுரைக்காய் இல்லை. 1986 ஆகஸ்டில் நியூஃபவுண்ட்லாந்து கடலில் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் மிதந்துகொண்டிருந்த 155 இலங்கைத் தமிழர்களைக் கனடிய மீனவர்கள் மீட்டார்கள். முதலில் அவர்கள் இந்தியாவிலிருந்து வந்ததாகச் சொன்னார்கள். பிறகு மேற்கு ஜெர்மனியிலிருந்து கப்பலேறியவர்கள் என்று தெரியவந்தது. பத்திரிகைகளில் கூச்சல் எழுந்தது. ஆனாலும் பிரதமர் பிரையன் மல்ரோனியின் அரசு அவர்களைத் திருப்பி அனுப்பவில்லை, தங்க அனுமதி கொடுத்தது. 1983 ஜூலை முடிந்து மூன்றே வருடம். அந்தப் பொய்யை யாரால் பழிக்க முடியும்?

நான் பழிக்க மாட்டேன். சட்டமே முழுதாகப் பழிப்பதில்லை. 1951ஆம் ஆண்டு அகதிகள் உடன்படிக்கையின் 31ஆம் உறுப்பு, உயிருக்கு ஆபத்தான இடத்திலிருந்து நேரே வந்து தாமதமின்றித் தம்மை வெளிப்படுத்திக்கொள்ளும் அகதிகளைச் சட்டவிரோதமாக நுழைந்ததற்காகத் தண்டிக்கக் கூடாது என்கிறது. கனடாவின் சட்டத்திலும், போலி ஆவணத்தோடு வந்திறங்கி அடைக்கலம் கேட்பவர்மேல், கோரிக்கை முடிவாகும்வரை அதற்காக வழக்குப் போடத் தடை இருக்கிறது. உயிர்தப்ப ஓடுகிறவர் கையில் சரியான காகிதம் இருக்காது என்பதைச் சட்டம் எழுதியவர்களும் அறிந்திருந்தார்கள்.

வள்ளுவர் வாய்மை அதிகாரத்தின் இரண்டாம் குறளிலேயே பொய்க்கு ஓர் இடம் ஒதுக்குகிறார். அந்தக் குறளைத் தமக்குச் சாதகமாகச் சொல்கிறவர்கள் அதிலிருக்கும் நிபந்தனையைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். வெறும் நன்மை போதாது, குற்றமற்ற நன்மையாக இருக்க வேண்டும். நமக்கு நல்லது நடக்கிறதா என்பது கேள்வி இல்லை. அந்த நன்மைக்கான விலையை யாராவது கொடுக்கிறார்களா என்பதுதான் கேள்வி.

படகில் வந்தவர் எவருடைய இடத்தையும் பறிக்கவில்லை. எக்ஸ்பிரஸ் என்ட்ரி அப்படி இல்லை. அது ஒரு வரிசை. ஒவ்வொரு சுற்றிலும் மதிப்பெண் வாரியாக இத்தனை பேர் என்று அழைக்கிறார்கள். எல்லைக்கோட்டில் ஒரே மதிப்பெண் இருந்தால் யார் முதலில் பதிவு செய்தார் என்று பார்க்கிறார்கள். காசுக்கு வாங்கிய வேலை உத்தரவு, போலி அனுபவக் கடிதம் எதுவாக இருந்தாலும், அது ஏற்றிய மதிப்பெண்ணுக்குக் கீழே ஒருவர் இறங்குகிறார். அவரும் பெரும்பாலும் நம்மைப்போல ஒருவர். ஹைதராபாத்திலோ லாகோஸிலோ மணிலாவிலோ உட்கார்ந்து, நேர்மையான கோப்போடு காத்திருப்பவர். எல்லை அநியாயமானது என்றாலும், இந்தப் பொய்யின் விலையை அந்த அநியாயத்தைச் செய்தவர்கள் கொடுப்பதில்லை. அதில் ஏற்கெனவே அடிபட்ட இன்னொருவர் கொடுக்கிறார்.

இது வெறும் தர்க்கம் இல்லை. வேலை உத்தரவுகள் விற்பனைச் சரக்காகிவிட்டதால், 2025 மார்ச் 25 முதல் எக்ஸ்பிரஸ் என்ட்ரியில் வேலை உத்தரவுக்கான மதிப்பெண்களையே எடுத்துவிட்டார்கள். பலருக்கு 50, உயர் பதவியினருக்கு 200. காசு கொடுக்காமல், நிஜமாகவே வேலை பார்த்து அந்த மதிப்பெண்ணைச் சம்பாதித்தவர்களுக்கும் ஒரே நாளில் போயிற்று. ‘இதனால யாருக்கு நஷ்டம்?’ என்று கேட்டவர்களுக்குப் பதில் அது.

6

இன்னொரு வாதமும் பாக்கி இருக்கிறது, நடைமுறைக்காரர்களின் வாதம். ‘நான் மாட்டேன்னா அவர் சும்மா இருப்பாரா? அடுத்த தெருவுல ஒருத்தன் ரெண்டு மடங்கு காசு வாங்கிக்கிட்டு மொத்தக் கோப்பையும் போலியாப் பண்ணுவான். நான் செஞ்சா பாதிப்பு குறையுமே?’

தத்துவவாதி பெர்னார்ட் வில்லியம்ஸ் 1973இல் இதே வடிவத்தில் ஒரு கதை சொன்னார். ஜார்ஜ் என்ற வேதியியலாளர். வேலை இல்லை, குடும்பம் இருக்கிறது. ரசாயன ஆயுத ஆய்வகத்தில் வேலை வருகிறது. அவருக்கு அதில் உடன்பாடில்லை. அவர் மறுத்தால் இன்னும் வெறியோடு வேலை செய்யும் ஒருவர் சேர்ந்துவிடுவார். கணக்குப் பார்த்தால் ஜார்ஜ் சேர்வதே நல்லது. ஆனால் அப்படிக் கணக்குப் பார்க்கச் சொல்லும்போது, ஜார்ஜின் வாழ்க்கையை அவருடைய நம்பிக்கைகளிலிருந்து பிடுங்கிவிடுகிறோம் என்றார் வில்லியம்ஸ். மற்றவர்கள் செய்யக்கூடியதற்கும் நான் செய்வதற்கும் வித்தியாசமே இல்லை என்றால் ‘நான்’ என்பதற்கு என்ன பொருள்?

எனக்கு வில்லியம்ஸ் சொல்வது சரி என்றுதான் படுகிறது. ஆனால் அதை ஆலோசகர் தன் கை சுத்தம் என்று சொல்லிக்கொள்ளப் பயன்படுத்தினால் போதாது. அடுத்த தெரு ஆள் நிஜமானவர். பல நேரங்களில் அவருக்கு உரிமம் இருக்காது, படிவத்தில் அவர் பெயரே வராது. விண்ணப்பதாரர் தானே நிரப்பியதுபோலக் கோப்பு போகும். 2023இல் பஞ்சாபிலிருந்து வந்த பல மாணவர்களுக்கு நடந்தது அதுதான். ஜலந்தரிலிருந்த ஓர் ஏஜென்ட் கொடுத்த கல்லூரிச் சேர்க்கைக் கடிதங்கள் போலி என்பது, வந்து, படித்து, வேலைக்கும் போய், நிரந்தரக் குடியுரிமைக்கு விண்ணப்பித்தபோதுதான் பலருக்குத் தெரிந்தது. ஏமாந்தவர் யார், தெரிந்தே செய்தவர் யார் என்று ஒவ்வொரு கோப்பாகப் பார்க்க அரசு ஒரு குழு அமைத்தது. அந்த ஏஜென்ட்டுக்குக் கனடிய நீதிமன்றம் தண்டனை கொடுத்தது. அதற்குள் அந்தப் பிள்ளைகள் நாடுகடத்தல் பயத்தில் எத்தனை இரவுகள் தூங்காமல் இருந்திருப்பார்கள்.

ஆகவே மறுப்பது என்பது ‘முடியாது’ என்ற ஒற்றைச் சொல்லோடு முடிகிற காரியம் இல்லை. மறுப்புக்கும் கைகழுவலுக்கும் தூரம் அதிகம். முதலாவது, மறுப்பு சீக்கிரம் வர வேண்டும். பணம் வாங்கிய பிறகு ‘முடியாது’ என்று சொல்ல எவருக்கும் நாக்கு எழாது. ‘உங்க மதிப்பெண்ணுக்கு இப்ப வழியில்ல, பிரெஞ்சு படிச்சிட்டு வாங்க’ என்று முதல் சந்திப்பிலேயே சொல்கிறவர் ஒரு வாடிக்கையாளரை இழக்கிறார். ‘போட்டுப் பாப்போம்’ என்கிறவர் சம்பாதிக்கிறார். இந்தத் தொழிலின் ஆகப்பெரிய சபலம் போலிக் கடிதத்தில் இல்லை, அந்தப் ‘போட்டுப் பாப்போம்’ என்பதில் இருக்கிறது. அதற்கு எந்தச் சட்டத்தாலும் தண்டனை கொடுப்பது கடினம்.

இரண்டாவது, மறுப்புக்குக் காரணம் சொல்ல வேண்டும். 40ஆம் பிரிவு என்ன, ஐந்து வருடம் என்றால் என்ன, மனைவியின் விண்ணப்பமும் எப்படிச் சிக்கும் என்று அவர் மொழியில், நேரம் எடுத்து. மூன்றாவது, செய்யாத வேலைக்கான பணத்தையும் அவருடைய ஆவணங்களையும் இழுத்தடிக்காமல் திருப்பித் தர வேண்டும். நான்காவதுதான் மிகக் கடினம்: அவர் சொன்னதை வெளியே சொல்லக் கூடாது. நாளை அவர் அடுத்த தெருவுக்குப் போகலாம், ஆறு மாதத்தில் குடியுரிமை அட்டையோடு கோயிலில் எதிரே வந்து ஒரு மாதிரிச் சிரிக்கலாம். அந்தச் சிரிப்பையும் வாங்கிக்கொள்ளத்தான் வேண்டும்.

7

என் தொழிலில் அனுபவம் கூடக்கூட ஒன்று விளங்கும். எழுதுவது சுலபம், பராமரிப்பதுதான் வேலை. குடிவரவுப் பொய்யும் அப்படித்தான். ஒருமுறை சொல்லிவிட்டுப் போக முடியாது. அடுத்த விசா, நிரந்தரக் குடியுரிமை, பெற்றோரை அழைத்தல், குடியுரிமை என்று ஒவ்வொரு படிவமும் முந்தைய படிவத்தோடு ஒத்துப்போக வேண்டும். கைரேகைத் தகவல்களைக் கனடா, அமெரிக்கா, பிரிட்டன், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து ஆகிய நாடுகள் தங்களுக்குள் பகிர்ந்துகொள்கின்றன. பொய் சொல்லி வாங்கியது நிரூபணமானால் குடியுரிமையையே பறிக்கச் சட்டத்தில் இடம் இருக்கிறது. மாட்டாமலும் போகலாம், பெரும்பாலோர் மாட்டுவதில்லை என்றேகூட வைத்துக்கொள்வோம். அப்போதும், புதிய நாட்டில் ஒரு மனிதர் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொண்ட முதல் வாக்கியம் பொய்யாக இருக்கிறது. அதற்குப் பின் வரும் எல்லா வாக்கியங்களும் அதற்கு முட்டுக்கொடுக்க வேண்டியிருக்கிறது.

எதிர்த்தரப்பு இல்லாத அந்த மேஜையில், விண்ணப்பதாரரின் எதிர்காலத்துக்காகப் பேச ஆலோசகரை விட்டால் ஆளில்லை. இன்று கெஞ்சுகிறவருக்கும் பத்து வருடம் கழித்து அந்தக் கோப்போடு வாழப்போகிறவருக்கும் ஒரே பெயர்தான், ஆனால் அவசரம் வேறு வேறு. நல்ல ஆலோசகர் இருவரையும் தன் கட்சிக்காரராக எடுத்துக்கொள்கிறார். அதனால் அவருக்கு நல்ல பெயர் கிடைக்கும் என்றோ, வருகிறவர் ஒருநாள் திரும்பிவந்து நன்றி சொல்வார் என்றோ சொல்வதற்கில்லை. வெற்றிக்கு உத்தரவாதம் தரக் கூடாது என்று அவருடைய தொழில் விதி சொல்கிறது. நேர்மைக்கும் அந்த விதி பொருந்தும்.